இரைச்சல் உள்ள குவாண்டம் கணினியில் பல்துகள் கணக்கு: எந்தக் கலப்பு முறை?

ஒரு குவாண்டம் கணினியில் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது; ஒன்றோடொன்று வினைபுரியும் பல தற்சுழற்சிகள் (குட்டிக் காந்தங்கள் போன்ற துகள்கள்) கொண்ட ஓர் அமைப்பைப் பற்றி அதற்குள் பயனுள்ள ஓர் எண்ணைப் பெற்றாக வேண்டும். ஆய்வு மாணவர்கள் பலருக்கு இப்போது வாய்ப்பு இப்படித்தான் அமைகிறது. கியூபிட்கள் எனும் குவாண்டம் பிட்கள் மேல் வரிசையாகச் செய்யும் செயல்களின் தொகுப்பே சுற்று; அதை ஒருமுறை ஓட்டி ஒருமுறை அளப்பதை ஷாட் என்கிறார்கள். மீக்கடத்திச் சிப்பில் ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 250 மைக்ரோவிநாடி விடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் 1 கோடியே 44 லட்சம் ஷாட்கள் எடுக்கலாம். மின்னூட்டம் பெற்ற அணுக்களையே கியூபிட்களாக்கும் அயனிப் பொறியில் ஒரு ஷாட்டுக்கு 0.1 விநாடி ஆகிறது என்று கொண்டால் 36,000 ஷாட்கள்தான் தேறும். இந்தக் கையிருப்பை எந்த முறையில் செலவிடுவது என்பதே இங்கே கேள்வி.

தெரிவுகள் முக்கியமாக நான்கு: மாறுபாட்டு முறையில் அடிநிலை ஆற்றலை, அதாவது அமைப்பின் மிகக் குறைந்த ஆற்றலை, தேடும் வி.கியூ.இ.; அமைப்பின் கால வளர்ச்சியைச் சிறுசிறு படிகளாக ஓட்டிப் பிழையைத் தணிக்கும் ட்ராட்டர் முறை; சில நிலைகளால் ஆன சிறு வெளிக்குள் விடை தேடும் க்ரைலோவ் முறை; குவாண்டம் கணினியை மாதிரி எடுக்க மட்டும் பயன்படுத்தி, கணக்கை வழக்கமான கணினியிடம் விட்டுவிடும் எஸ்.கியூ.டி. இவற்றை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, கடைசியில் தாளில் எழுதப்போகும் எண், கருவியின் பிழைகளான இரைச்சலின் ஊடாக நேராக வருகிறதா, அல்லது இரைச்சல் தொட முடியாத ஒரு கணக்கின் வழியாக வருகிறதா என்பதைத்தான். கியூபிட் எண்ணிக்கையும் விளம்பரங்களில் வரும் பெரிய எண்களும் அதற்குப் பிறகுதான்.

கலப்பு முறை ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 50 கியூபிட்களின் நிலையை முழுவதுமாக நினைவகத்தில் எழுதி வைக்க, ஓர் எண்ணுக்கு 16 பைட் வீதம், ஏறத்தாழ 18 பெட்டாபைட் வேண்டும். இயற்கையைப் போலச் செய்ய இயற்கையின் விதிப்படி இயங்கும் கருவியே வேண்டும் என்று 1981இல் ஃபைன்மன் பேசியதற்கு இந்தப் பெருக்கமே காரணம். ஆனால் இன்றுள்ள கருவிகளில் இரண்டு கியூபிட்களை இணைக்கும் கேட் எனும் அடிப்படைச் செயல் ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒன்று முதல் சில வரை பிழை சேர்க்கிறது. ஆகவே நீளமான சுற்றுகளை ஓட்ட முடியாது. இத்தகைய கருவிகளின் காலத்துக்கு 2018இல் ஜான் பிரெஸ்கில் ஒரு பெயரே சூட்டினார். குறுகிய சுற்றைக் குவாண்டம் பக்கம் ஓட்டி, தேடுவது, திருத்துவது, தொகுப்பது ஆகியவற்றை வழக்கமான கணினியில் செய்வதுதான் கலப்பு.

ஒப்பீட்டுக்கு ஒரே கணக்கைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம்: இரு முனைகளும் திறந்திருக்கும், 20 தற்சுழற்சிகள் கொண்ட ஹைசன்பெர்க் சங்கிலி. அதில் ஒவ்வொரு தற்சுழற்சியும் தன் அண்டையோடு மூன்று திசைகளிலும் ஒரே வலிமையில் வினைபுரிகிறது. அண்டை இணைகள் 19. இதன் நிலைவெளி 10,48,576 பரிமாணம் கொண்டது. மொத்தத் தற்சுழற்சி சுழியாக உள்ள பகுதியை மட்டும் எடுத்தால் 1,84,756. இதன் அடிநிலை ஆற்றலை ஒரு மடிக்கணினி, பெரிய அணியின் மிகக் குறைந்த ஆற்றலைக் காணும் லான்சோஸ் முறையில் சில விநாடிகளில் தந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லக் காரணம் உண்டு. குவாண்டம் கணினியைப் பற்றிய ஒப்பீடுகள் பலவற்றில் இந்த மடிக்கணினி மேடையிலேயே ஏற்றப்படுவதில்லை.

முதலில் வி.கியூ.இ. 2014இல் பெருஸ்ஸோவும் கூட்டாளிகளும் ஓர் ஒளியியல் சிப்பில் ஹீலியம் ஹைட்ரைடு அயனியின் ஆற்றலைக் கணித்ததோடு இது பெயர் பெற்றது, 2017இல் ஐ.பி.எம். குழு 6 கியூபிட்களில் பெரிலியம் ஹைட்ரைடு வரை கொண்டுபோனது. கருத்து எளிமையானது. கோணங்களைத் திருகக்கூடிய ஒரு சுற்று ஒரு நிலையைத் தயாரிக்கிறது; அதன் ஆற்றலை அளக்கிறோம்; வழக்கமான கணினி கோணங்களை மாற்றி ஆற்றலைக் கீழே கொண்டுபோகப் பார்க்கிறது. எந்த நிலையை எடுத்தாலும் அதன் சராசரி ஆற்றல் அடிநிலைக்குக் கீழே போகாது என்ற விதி நமக்குக் காவலாக நிற்கிறது.

நம் சங்கிலிக்கு இதன் செலவைப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வோர் இணைக்கும் ஒரு கோணம், நான்கு அடுக்குகள் என்றால் 76 கோணங்கள். ஆற்றல் எந்தப் பக்கம் குறைகிறது என்று சொல்லும் சரிவைத் துல்லியமாகக் காண ஒவ்வொரு கோணத்துக்கும் இரண்டு முறை ஆற்றலை அளக்க வேண்டும். ஆக 152 அளவீடுகள். ஹைசன்பெர்க் மாதிரிக்கு எக்ஸ், ஒய், இசட் என மூன்று திசைகளில் அளந்தால் போதும். திசைக்கு 4,000 ஷாட் என்றால் ஒரே ஓர் அடி எடுத்து வைக்க 18,24,000 ஷாட்கள் ஆகின்றன. முன்சொன்ன வேகத்தில் இது 456 விநாடி. ஒரு மணி நேரத்தில் ஏழு அடிதான் வைக்கலாம். முந்நூறு அடிகள் தேவைப்பட்டால் 38 மணி நேரம். எல்லாக் கோணங்களையும் ஒரே நேரத்தில் சற்றே அசைத்து இரண்டே அளவீடுகளில் சரிவை ஊகிக்கும் குறுக்குவழி உண்டு. அதில் ஓர் அடிக்கு 6 விநாடி போதும், ஆனால் அந்த ஊகம் தடுமாற்றம் மிகுந்தது என்பதால் அடிகளின் எண்ணிக்கை பெருகிவிடும். இதெல்லாம் மடிக்கணினியின் சில விநாடிகளுக்கு எதிராக.

மூலக்கூறுக்கு வந்தால் நிலைமை இன்னும் கடினம். தற்சுழற்சிச் சங்கிலிக்கு மூன்று திசைகள் போதும். மின்னணுக்களின் ஆற்றலை விவரிக்கும் ஹாமில்டோனியனிலோ உறுப்புகளின் எண்ணிக்கை, மின்னணுக்கள் இருக்கக்கூடிய நிலைகளான ஆர்பிட்டால்களின் எண்ணிக்கையின் நான்காம் அடுக்காக வளர்கிறது. வேதியியலுக்கு வேண்டிய துல்லியம் சுமார் 1.6 மில்லிஹார்ட்ரீ (ஹார்ட்ரீ என்பது அணு அளவில் பயன்படும் ஆற்றல் அலகு). பிழையைப் பாதியாக்க ஷாட்களை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதால், ஒரே ஒருமுறை ஆற்றலை அளப்பதே நாள்கணக்கில் ஆகும் என்று காட்டிய மதிப்பீடுகள் உள்ளன.

செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2018இல் மெக்ளீனும் கூட்டாளிகளும் காட்டிய தரிசுப் பீடபூமிதான் பெரிய தடை: போதுமான அளவு பொதுவான சுற்றை எடுத்து, கோணங்களைக் குருட்டாம்போக்கில் தொடங்கினால், சரிவு கியூபிட் எண்ணிக்கையோடு அடுக்குவேகத்தில் சுழியை நெருங்கிவிடுகிறது. எந்தப் பக்கம் இறங்குவது என்றே தெரியாத சமவெளி அது. இரைச்சலும் தன் பங்குக்கு, சுற்றின் ஆழம் கூடக் கூட அதே சமவெளியை உண்டாக்குகிறது. சுற்றைச் சிறிது சிறிதாக வளர்க்கும் அடாப்ட் முறை போன்றவை இதற்கு ஓரளவு மாற்று. ஆனால் பீடபூமி வராது என்று நிறுவப்பட்ட சுற்று வகைகளில் பெரும்பாலானவற்றை வழக்கமான கணினியிலேயே கணித்துவிடலாம் என்று செரெஸோவும் கூட்டாளிகளும் வாதிட்டிருக்கிறார்கள். அது எல்லா வகைக்கும் பொருந்தும் என்று நிறுவப்படவில்லை. ஆனால் தெரிவு செய்யப்போகிறவர் அதைக் கடந்து போக முடியாது.

என் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 6 தற்சுழற்சிகள் கொண்ட ஒரு சங்கிலியை எடுத்து, ஒரு மாலை முழுவதும் மேகக்கணினி வழியே வி.கியூ.இ. ஓட்டினேன். ஆற்றல் படிப்படியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. மறுநாள் காலையில் அதே கோணங்களை அப்படியே கொடுத்து அளந்தபோது ஆற்றல் மேலே போயிருந்தது. இடையில் இரவில் கருவியை மறுபடி அளவு திருத்தியிருந்தார்கள். நான் தேடிக் கண்டுபிடித்தது சங்கிலியின் அடிநிலையை மட்டும் அல்ல; அந்த மாலையில் கருவிக்கு இருந்த கோணலுக்கு ஏற்ற ஈடுகட்டலையும் சேர்த்துத்தான். பிறகு, இரைச்சலைக் கூட்டி அளந்து இரைச்சலற்ற புள்ளிக்கு நீட்டிக் கணிக்கும் பிழைத் தணிப்பைப் பூட்டியபோது, சரியான விடையான −2.4936க்கும் (இணைப்பின் வலிமை 1 எனக் கொண்டு) கீழே ஆற்றல் இறங்கிப் போனது. மாறுபாட்டு விதி தரும் காவல், இரைச்சலற்ற புள்ளிக்கு நீட்டிக் கணித்த எண்ணுக்குப் பொருந்தாது என்பதைப் பாடமாகப் படித்திருந்தும் கண்ணால் கண்ட பிறகே மனத்தில் பதிந்தது.

ஆகவே வி.கியூ.இ.யில் எண் இரைச்சலின் வழியே நேராக வருகிறது; அதுவும் ஒருமுறை அல்ல, ஒவ்வோர் அடியிலும் வருகிறது. தேடலைக் கருவியில் நடத்தாமல், கோணங்களைச் சிறிய சங்கிலியில் மடிக்கணினியிலோ, பெரிய நிலையைச் சிறு அணிகளின் தொடராகச் சுருக்கி எழுதும் டென்சர் நெட்வொர்க் கொண்டோ கண்டுபிடித்துக் கையோடு கொண்டுபோய், கருவியில் நிலையைத் தயாரிக்க மட்டும் பயன்படுத்துவது வேறு விஷயம்; அதை நான் பரிந்துரைப்பேன். கருவியிலேயே தேடுவது கற்றுக்கொள்வதற்கு நல்லது, ஒரு மணி நேரக் கையிருப்புக்குக் கட்டுப்படியாகாது.

க்ரைலோவ் முறை கோணத் தேடலைக் கைவிடுகிறது. ஒரு தொடக்க நிலையை வெவ்வேறு கால அளவுகளுக்கு வளர்த்து, கிடைக்கும் நிலைகளுக்கு இடையிலான உள்பெருக்கங்களையும் (எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவுகள்) ஹாமில்டோனியன் மதிப்புகளையும் அளந்து, அந்தச் சிறிய அணிகளின் ஐகென் மதிப்பை, அதாவது ஆற்றலை, வழக்கமான கணினியில் காண்கிறோம். தொடக்க நிலை அடிநிலையோடு ஓரளவு ஒத்துப்போனால், சேர்க்கும் நிலைகளின் எண்ணிக்கையோடு விடை வேகமாக நெருங்கும் என்பதற்குக் கணித உறுதி உண்டு, வி.கியூ.இ.க்கு அப்படி ஒன்று இல்லை. அறுகோணச் சட்டம் போன்ற இணைப்பில், 56 தளங்கள் வரை ஹைசன்பெர்க் மாதிரிக்கு யோஷியோகாவும் கூட்டாளிகளும் இதை ஓட்டிக் காட்டியுள்ளனர். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த கால நிலைகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதால் உள்பெருக்க அணி கிட்டத்தட்டத் தலைகீழாக்க முடியாததாகிறது. சிறிய அளவீட்டுப் பிழைகூட விடையில் பெரிதாகத் தெரிகிறது. எந்த அளவுக்குக் கீழே உள்ளதை வெட்டி எறிவது என்ற முடிவு ஆய்வாளர் கையில் இருக்கிறது. அந்த வெட்டைச் சற்று நகர்த்தினால் ஆற்றலும் நகர்கிறது என்பதை நான் வசதியான விஷயமாக எண்ணவில்லை.

எஸ்.கியூ.டி. முறையில் எண்ணின் பாதையே மாறிவிடுகிறது. கருவியிலிருந்து ஆற்றலை நாம் அளப்பதே இல்லை. சுற்றை ஓட்டி, சுழிகளும் ஒன்றுகளும் கொண்ட சரங்களை மட்டும் சேகரிக்கிறோம். ஒவ்வொரு சரமும் மின்னணுக்கள் எந்தெந்த ஆர்பிட்டாலில் இருக்கின்றன என்ற ஒரு கட்டமைவு. மின்னணு எண்ணிக்கை பொருந்தாத சரங்கள் இரைச்சலால் கெட்டவை என்பது உடனே தெரிந்துவிடும்; அவற்றைத் தூக்கி எறியாமல், ஆர்பிட்டால்களின் சராசரி நிரப்பைப் பார்த்துப் பழுது நீக்குகிறார்கள். பிறகு இந்தக் கட்டமைவுகள் விரிக்கும் உள்வெளியில் ஹாமில்டோனியனை வழக்கமான கணினி துல்லியமாக மூலைவிட்டமாக்கி ஆற்றலைக் காண்கிறது. இரைச்சல் மாதிரியைக் கெடுக்கலாம், கணக்கைக் கெடுக்க முடியாது. கிடைக்கும் ஆற்றல் அடிநிலைக்குக் கீழே ஒருபோதும் போகாது, வி.கியூ.இ.யில் நான் இழந்த காவல் இங்கே முழுமையாகத் திரும்பி வருகிறது. ஐ.பி.எம்., ரிக்கன் ஆய்வாளர்கள் 77 கியூபிட்கள் வரை பயன்படுத்தி, ஃபுகாக்கு மீக்கணினியின் 6,400 கணுக்களின் துணையோடு நைட்ரஜன் மூலக்கூறையும் இரும்பு-கந்தகக் கொத்துகளையும் இவ்வாறு கணித்தார்கள்.

இருந்தும் இங்கே இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விடக் கூடாது. அடிநிலை சில கட்டமைவுகளில் குவிந்திருந்தால்தான் இம்முறை வேலை செய்யும். அப்படிக் குவிந்திருந்தால், முக்கியமான கட்டமைவுகளைப் பொறுக்கி எடுக்கும் பழைய வேதியியல் முறைகளும் நன்றாகவே வேலை செய்யும். மேலும் குவிந்த நிலையிலிருந்து மாதிரி எடுக்கும்போது, ஏற்கெனவே கிடைத்த சரங்களே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். அரிதான ஆனால் தேவையான கட்டமைவு ஒன்றுக்காகப் பெரும்பகுதி ஷாட்களைச் செலவிட வேண்டிவரும். ரைன்ஹோல்ட்டும் கூட்டாளிகளும் 2025இல் இந்தக் குறையைத்தான் எண்களோடு எடுத்து வைத்தார்கள். நான்கு இரும்பு அணுக்கள் கொண்ட கொத்துக்கு, குவாண்டம் மாதிரி வழியே கிடைத்ததைவிட, வழக்கமான கணினியில் ஓடும் டி.எம்.ஆர்.ஜி. முறை தந்த ஆற்றலே தாழ்வாக இருந்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். இரண்டாவது கேள்வி நம் சங்கிலியைப் பற்றியது: ஹைசன்பெர்க் சங்கிலியின் அடிநிலை, மேல்-கீழ் என மாறி மாறி நிற்கும் ஒரு வரிசையில் குவிந்திருப்பதில்லை, எண்ணற்ற வரிசைகளில் பரவிக் கிடக்கிறது. அதை மாதிரி எடுத்துப் பிடிப்பது, சல்லடையில் தண்ணீர் அள்ளுவதுதான்.

அடுத்து, வழக்கமான கணினியை முழுமையாக நாடும் தெரிவு. 1992இல் ஸ்டீவ் வைட் அளித்த டி.எம்.ஆர்.ஜி. முறை, நூறு தளம் கொண்ட ஒருபரிமாணச் சங்கிலியின் அடிநிலை ஆற்றலைப் பல தசம இடங்கள் வரை சாதாரணக் கணினியிலேயே தருகிறது. முடிவிலாச் சங்கிலிக்கு, 1931இலேயே பெத்தே தந்த முறையின் வழியே பின்னர் கிடைத்த துல்லியமான விடை தளத்துக்கு −0.4431 என்று கையில் இருக்கிறது. ஆக, ஒருபரிமாண அடிநிலைக்காகக் குவாண்டம் கணினியை நாடுவதற்கு இன்று நியாயம் இல்லை. ஆனால் டி.எம்.ஆர்.ஜி.யின் பலம் குறைவான பின்னலில் (துகள்களுக்கு இடையிலான குவாண்டம் பிணைப்பில்) இருக்கிறது. அடிநிலையில் பின்னல் சிறியது; அமைப்பைத் திடீரென்று கலைத்து ஓட விட்டாலோ, பின்னல் காலத்தோடு ஏறக்குறைய நேர்விகிதத்தில் வளர்கிறது, அதைப் பிடித்து வைக்க வேண்டிய அணிகளின் அளவு அடுக்குவேகத்தில் வளர்கிறது. 20 தளச் சங்கிலியில் நடுவே வெட்டினால் அந்த அளவு 1,024ஐத் தாண்டாது, எனவே சமாளிக்கலாம். 100 தளத்திலும் இருபரிமாணத்திலும் அந்த உச்சவரம்பு உதவாது. குவாண்டம் கணினிக்கு இடம் இருக்கிறது என்றால் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அதனால் என் தெரிவு ட்ராட்டர் வழியிலான கால வளர்ச்சி. இதிலும் எண் இரைச்சலின் வழியேதான் வருகிறது. ஆனால் ஒருமுறை மட்டும் வருகிறது, தேடல் இல்லை, சுற்று முன்கூட்டியே தெரிந்தது, பிழையின் அளவையும் முன்கூட்டியே மதிப்பிடலாம். ஓர் இணைக்கு 3 கேட்கள், 19 இணைகள், 10 படிகள் என்றால் 570 இருகியூபிட் கேட்கள். கேட்டுக்கு 0.3 சதவீதப் பிழை என்றால் எந்தப் பிழையும் இல்லாமல் ஓர் ஓட்டம் முடிய 18 சதவீத வாய்ப்பு, 0.1 சதவீதம் என்றால் 57 சதவீதம். ஆனால் நாம் அளப்பது முழு நிலையை அல்ல, ஒரு தளத்தின் காந்தத்தன்மையை. குறுகிய காலத்தில் அத்தளத்தைத் தொடக்கூடிய கேட்கள் மட்டுமே அதில் பிழை சேர்க்கும். ஆகவே உண்மை நிலைமை 18 சதவீதம் காட்டுவதைவிட நல்லது.

பிழைத் தணிப்பிலும் தெரிவு இருக்கிறது. பிழையை நிகழ்தகவு முறையில் எதிரெதிராகச் சேர்த்து முழுவதும் நீக்கும் முறை கோட்பாட்டில் கோணல் இல்லாதது. ஆனால் 570 கேட்களுக்கு, 0.3 சதவீதப் பிழைக்கு, ஷாட்கள் சுமார் ஆயிரம் மடங்கு பெருகும். இரைச்சலை வேண்டுமென்றே கூட்டி இரண்டு மூன்று அளவுகளில் அளந்து, சுழி இரைச்சலுக்குக் கோட்டை நீட்டுவது மலிவானது. நீட்டலின் வடிவம் நம் ஊகம் என்பதால் கோணல் இருக்கவே செய்யும். 2023இல் ஐ.பி.எம். குழு 127 கியூபிட் ஈகிள் சிப்பில், 2,880 கேட்கள் வரை கொண்ட சுற்றுகளில், இந்த இரண்டாவது வழியைத்தான், தற்சுழற்சிகள் ஒரே திசையில் மட்டும் ஒன்றோடொன்று வினைபுரியும் ஐசிங் மாதிரிக்குப் பயன்படுத்தியது. சில வாரங்களுக்குள்ளேயே டிண்டாலும் கூட்டாளிகளும், பெகுசிச்சும் சானும் தனித்தனியே அதே எண்களை வழக்கமான கணினியில் பெற்றுக் காட்டினார்கள். சிலர் இதைத் தோல்வியாகப் படித்தார்கள். அக்கருவியின் எண்கள் வெளியிலிருந்து சரிபார்க்கப்பட்டு நின்றன என்று நான் படிக்கிறேன். ஒப்பிட வேறு விடை கைவசம் இல்லாத அளவுகளில் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வாய்ப்பது கடினம்.

இரண்டு வகைக் கருவியும் கிடைக்கும் நிலையில் இருப்பவருக்கு ஒரு வார்த்தை: அயனிப் பொறியில் எந்தக் கியூபிட்டும் எந்தக் கியூபிட்டோடும் இணையலாம், பிழையும் குறைவு, எனவே ஆழமான ஒன்றிரண்டு சுற்றுகளுக்கும் தொலைதூர இணைப்பு உள்ள மாதிரிகளுக்கும் அது ஏற்றது, ஆனால் 36,000 ஷாட்களில் இரைச்சல் அளவுகளையும் காலப்புள்ளிகளையும் பங்கிட்டால் புள்ளிக்குக் கிடைப்பது சொற்பம். அண்டை இணைப்பே போதுமான நம் சங்கிலிக்கு மீக்கடத்திச் சிப்பையே எடுப்பேன். மூலக்கூறுதான் உங்கள் கணக்கு என்றால், எஸ்.கியூ.டி.யை எடுங்கள்; ஆனால் அதே எண்ணிக்கைக் கட்டமைவுகளைப் பழைய பொறுக்கு முறை கொண்டு எடுத்து, இரண்டு ஆற்றல்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதாமல் எதையும் வெளியிடாதீர்கள்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதலில் 20 தளத்தில், 20 காலப்புள்ளிகள், 3 இரைச்சல் அளவுகள், ஒவ்வொன்றுக்கும் பிழையைச் சமப்படுத்தும் 32 சமானச் சுற்றுகள், சுற்றுக்கு 1,000 ஷாட்: மொத்தம் 19,20,000 ஷாட்கள், 8 நிமிடம். சுற்றுகளை ஏற்றும் நேரத்தையும் சேர்த்து இதற்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்கலாம். இதன் விடை மடிக்கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. நீட்டிய கோடு அதைத் தொடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். தொடவில்லை என்றால் பெரிய சங்கிலிக்குப் போகக் கூடாது. படிகளைக் குறைத்து மறுபடி ஓட்ட வேண்டும். தொட்டால், அதே அமைப்பை 60 தளத்துக்கு விரித்து அரை மணி நேரம் ஓட்டலாம். கடைசிக் கால் மணி நேரத்தில் 20 தளக் கணக்கின் இரண்டு மூன்று காலப்புள்ளிகளை மட்டும் திரும்ப அளக்க வேண்டும். முதல் ஓட்டத்துக்கும் இதற்கும் இடையே கருவி நகர்ந்திருந்தால், 60 தளத்து எண்களோடு எவ்வளவு பிழைப்பட்டை போடுவது என்பதை அந்த இடைவெளிதான் சொல்லும்.